கையை விட்டுப் பார்ப்பவர்

"விபத்துக்குள்ளான இயந்திரத்தை, அது நின்ற இடத்திலேயே, நின்ற நிலையிலேயே, அதன் மேலும் உள்ளும் இருக்கும் எதையும் அகற்றாமல் முதலில் சோதிக்க வேண்டும். அதன் பிறகே ஓட்டுநரைக் குறித்து முடிவெடுக்கலாம்." எங்கள் தோட்ட நிறுவனத்தின் இயந்திரப் பாதுகாப்பு விதிகளில் ஒன்பதாவது பிரிவு இது. இதை எழுதிய குழுவுக்கு நான்தான் செயலாளர். 'உள்ளும்' என்ற ஒரு சொல்லைச் சேர்க்க அரை நாள் வாதாடியிருக்கிறேன். ஆகவே அந்த விதி எவ்வளவு சிரத்தையாகப் புறக்கணிக்கப்பட்டது என்று சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

செலண்டார் ஊருக்கு உள்ளே இருக்கும் எங்கள் தோட்டத்தில், தைப்பூசம் முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை காலை, செம்பனைக் குலைகளை அள்ளி லாரியில் போடும் கிராப்பர் இயந்திரத்தின் நீண்ட இரும்புக் கை, யாரும் அசைக்காமலேயே இடப்பக்கம் நகர்ந்து, மண்டோரின், அதாவது கங்காணியின், மோட்டார் சைக்கிளைப் படுக்கவைத்து அதன் மேல் சாய்ந்துகொண்டது. யாருக்கும் அடியில்லை. மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் ஆயுள் முடிந்தது. ஓட்டுநர் மாணிக்கம், நான் கையை எடுத்துவிட்டேன், அது தானாகப் போனது என்றார். அன்று மாலையே இயந்திரத்தைப் பெரிய லாரியில் ஏற்றி ஜாசினில் இருந்த மத்தியப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். சோதித்தார்கள். ஒரு பழுதும் இல்லை. இயந்திரத்தில் பழுதில்லை என்றால் மனிதனிடம்தான் பழுது என்பது அலுவலகக் கணக்கு. மாணிக்கத்தை இருக்கையிலிருந்து இறக்கினார்கள். விசாரணை அதை உறுதிசெய்தால் அவர் உரம் போடும் கூட்டத்துக்குப் போக வேண்டும். இரண்டு முழங்காலும் போனவர் அவர். உரச்சட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஒரு வரிசைகூட ஏற முடியாது என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்த இருக்கை போனால் வேலையே போன மாதிரி.

இவ்வளவும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்வதற்காகத்தான். பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒருவரைப் பற்றி எழுத அவருடைய எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும். கேட்டால், "எழுதுங்க அங்கிள், விட்டுப் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். அது ஒப்புதலா மறுப்பா என்று நான் படித்த எந்த விதியிலும் இல்லை.

மத்தியப் பட்டறையில் இயந்திரங்களின் மின்னணுக் கட்டுப்பாடுகளுக்குப் பொறுப்பான பொறியாளர் அவர். புலாவ் செபாங் பெண். அப்பா ரயிலில் வேலை பார்த்தவர். நேர்முகத் தேர்வுக்கு வந்த அன்றே எனக்கு அவரைப் பிடித்துப்போனது, அதுவும் அவர் ஒரு கேள்விக்கும் பதில் சொல்வதற்கு முன்பே. கதவைத் திறந்து உள்ளே வந்தார். கைப்பிடியை விட்டார். எங்களுக்கு வணக்கம் சொல்லாமல், திரும்பி நின்று, அந்தக் கதவு மெதுவாக மூடிக்கொள்வதையே பார்த்தார். பிறகுதான், "கதவு முழுசா மூடல சார்" என்றார். நேர்முகக் குழுத் தலைவர், அது மூடித்தானே இருக்கிறது என்றார். இவர் போய் ஒரு விரலால் தள்ளினார். 'க்ளிக்' என்றது. வருடக்கணக்காக அந்த அறையின் குளிர்சாதனம் சரியில்லை என்று நாங்கள் எழுதிய புகார்களுக்கு அந்த ஒரு 'க்ளிக்'தான் பதில். தலைவருக்குக் கோபம். எனக்கு ஆனந்தம். பெரும்பான்மை வாக்கில் வேலை கிடைத்தது.

அவருடைய குணம் முழுக்க அந்த ஒரு செய்கைதான். எதையும் பிடித்துக்கொண்டிருக்கும்போது அவர் மதிப்பிட மாட்டார். கையை விட்டுவிட்டு, அது எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பார்.

ஒரு முறை அலுவலகத்தார் எல்லாரும் உம்பாய்க்கு மீன் சாப்பிடப் போனோம். அங்கே கடையில் பனிக்கட்டி மேல் பரப்பியிருக்கும் மீனை நாமே பொறுக்கிக் கொடுக்க வேண்டும். எல்லாரும் கண்ணைப் பார்த்தோம், செவுளைத் தூக்கிப் பார்த்தோம். இவர் கட்டை விரலால் மீனின் முதுகை ஓர் அழுத்து அழுத்தி, விரலை எடுத்து, அந்தக் குழி மறைகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மீனாக. கடைக்கார மலாய்க்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, மீனுக்குக் காய்ச்சலா என்று கேட்டார். இவர் சிரிக்காமல், இதற்கு இல்லை, அதற்கு இருக்கிறது என்று ஒன்றைக் காட்டினார். கடைக்காரர் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

கல்யாண விஷயத்திலும் அதே கதைதான். பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை, ஜொகூரில் ஆசிரியர், தினமும் தொலைபேசியில் அழைத்து, தினமும் நன்றாகத்தான் பேசியிருக்கிறார். அதுதான் இவருக்குச் சரிப்படவில்லை. ஒரு மாதம் ரெண்டு பேரும் பேசாமல் இருப்போம் என்று சொல்லிவிட்டார். வீட்டில் ஒரே ரகளை. அம்மா சாப்பிடவில்லை. பட்டறைக் கேண்டீனில் இதை எங்களிடம் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"புடிச்சி வச்சிருந்தா எல்லாம் நடுவுலதான் நிக்கும் அங்கிள். விட்டாத்தானே தெரியும்."

"அவர் வேற பக்கம் சாஞ்சிட்டா?" என்று கேட்டேன்.

"அப்பவும் தெரிஞ்சிருமில்ல."

மாதம் முடிவதற்கு இரண்டு நாள் முன்னால் அந்த ஆசிரியர் ஒரு கூடை மங்குஸ்தீனோடு புலாவ் செபாங் ஸ்டேஷனில் இறங்கினாராம். "ரெண்டு நாள் முன்னாடியே வந்துட்டார். கொஞ்சம் அவசர ஸ்பிரிங்" என்றார் இவர். கல்யாணம் நடந்தது. நான் போய்ச் சாப்பிட்டேன்.

இந்தக் குணம் எப்போதும் இனிமையாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். கூட்டத்தில் வாக்குவாதம் முற்றும்போது எல்லாரும் அவர் பதிலுக்குக் கத்துவார் என்று எதிர்பார்ப்பார்கள். அவர் அந்த நேரத்தில் பேச்சை விட்டுவிடுவார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு எதிராளியைப் பார்த்துக்கொண்டிருப்பார். கத்தியவர் இன்னும் கொஞ்சம் கத்தி, பிறகு தன் குரலே தனக்குக் கேட்டு, மெல்ல மெல்ல அடங்குவார். அப்போது அவர் எந்த இடத்தில் வந்து நிற்கிறாரோ அதைத்தான் இவர் அவருடைய உண்மையான கருத்தாக எடுத்துக்கொள்வார். நானும் ஒரு முறை அப்படி அளக்கப்பட்டிருக்கிறேன். சுகமான அனுபவம் அல்ல.

கிராப்பர்களின் ஜாய்ஸ்டிக்கை, அதாவது இரும்புக் கையை ஆட்டுவிக்கும் கைப்பிடியை, மாற்றுவதென்று முடிவானபோது, எதை வாங்குவது என்று சொல்லும் வேலை இயல்பாகவே அவரிடம் வந்தது. தேர்வுக் குழுவுக்கும் நானே செயலாளர். எந்தக் குழுவுக்கும் நானே செயலாளர்.

பழைய ஜாய்ஸ்டிக்கின் அடியில், பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குள் இருப்பதைப் போல ஒரு கரித்தடம் இருக்கும். கைப்பிடி சாயும்போது ஒரு சின்ன உலோக நாக்கு அந்தத் தடத்தை உரசிக்கொண்டு நகரும். நாக்கு நிற்கும் இடத்தை வைத்துத்தான் இயந்திரம், ஓட்டுநரின் கை எந்தப் பக்கம் சொல்கிறது என்று புரிந்துகொள்ளும். மலிவு, எளிமை. ஆனால் தூசியும் ஈரமும் புகுந்தால் தடம் கெடும். எந்த இடம் முதலில் தேயும் என்று அவர் குழுவைக் கேட்டார். ஓரங்கள்தான், அங்கேதானே அதிகமாகத் தள்ளுகிறார்கள் என்றோம்.

"நடுவுலதான். சும்மா நிக்கிறப்பதான். இஞ்சின் ஆடுற வரைக்கும் நாக்கு ஒரே இடத்துல துடிச்சிக்கிட்டே இருக்கும்லா" என்றார்.

சும்மா இருந்தாலும் தேய்மானம் உண்டு என்பது, வாழ்நாளெல்லாம் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் யாருக்கும் அதுவரை தோன்றவில்லை.

இரண்டாவது வகையில் உரசலே கிடையாது. கைப்பிடியின் அடியில் ஒரு சிறு காந்தம். அதற்குக் கீழே, அதைத் தொடாமல், காந்தம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று உணரும் மின்னணுச் சில்லு. ஹால் சென்சார் என்று பெயர். தொடாததால் தேயாது. ஒன்றுக்கு இரண்டாகச் சில்லு வைத்து, இரண்டும் வேறு வேறு சொன்னால் இயந்திரத்தை நிறுத்திவிடலாம். மூன்றாவது வகை, கம்பிச்சுருள்களை வைத்து இடத்தை அறிவது. பக்கத்தில் காந்தம் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஆனால் விலை அதிகம், வந்து சேர மாதக்கணக்காகும்.

விற்பனைப் பிரதிநிதிகள் வெல்வெட் பெட்டியில் மாதிரிகளைக் கொண்டுவந்தார்கள். நாங்கள் ஒவ்வொருவரும் அதைப் பிடித்து ஆட்டி, வழுவழுப்பாக இருக்கிறது என்று பாராட்டினோம். இவர் மட்டும் தள்ளினார், கையை எடுத்தார், மீட்டரில் எண்ணைப் பார்த்தார். பிறகு பழைய லாரியின் வைப்பர் மோட்டாரை வைத்து, ஜாய்ஸ்டிக்கைத் தள்ளித் தள்ளி விடும் ஒரு கருவியைப் பட்டறையில் செய்து வைத்தார். வாரக்கணக்கில் அது 'டக் டக்' என்று இடித்துக்கொண்டே இருந்தது. வெல்டர் அதற்கு 'மேடத்தோட மாமியா' என்று பெயர் வைத்தார். தண்ணீர் ஊற்றினார்கள், புழுதி போட்டார்கள், வெயிலில் வைத்தார்கள். ஹால் வகை ஒவ்வொரு முறையும் சரியாக நடுவுக்குத் திரும்பியது. கடைசியாகக் குழுவில் அவர் கேட்டார், ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் காந்தம் ஏதாவது உண்டா என்று. மோட்டார்கள் எல்லாம் பின்னால்தான், இருக்கைக்குப் பக்கத்தில் எதுவும் கிடையாது என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஒரு மனதாக ஒத்துக்கொண்ட விஷயங்களில்தான் எனக்கு எப்போதும் சந்தேகம். ஆனால் சந்தேகத்தைப் பதிவுசெய்ய விதியில் இடமில்லை.

அந்த ஹால் ஜாய்ஸ்டிக் பொருத்திய சில மாதங்களில்தான் மண்டோரின் மோட்டார் சைக்கிள் போனது.

விசாரணையில் மாணிக்கம் ஒளிக்காமல் பேசினார். இதற்கு முன்னும் ஓரிரு வெள்ளிக்கிழமை இரும்புக் கை லேசாக இழுத்தது, நான்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றார். 'வெள்ளிக்கிழமை' என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை அவர் விரதம் இருப்பவர். தோட்ட மேலாளர் உடனே முடிவு கட்டிவிட்டார், பசி மயக்கம் என்று. மண்டோருக்கு அதுவும் போதவில்லை. "மயக்கமாவது மண்ணாவது, தூங்கிட்டாருலா" என்றார். போதாக்குறைக்கு, பட்டறையிலிருந்து திரும்பிய இயந்திரத்தை வங்காளதேசத்து ஓட்டுநர் ஒருவர் ஓட்டினார். வெள்ளியும் ஓட்டினார், சனியும் ஓட்டினார். அது சொன்னபடி கேட்டது.

விசாரணை முடிந்து வெளியே வந்ததும் பொறியாளர் என்னிடம் சொன்னார்: "பட்டறையில நான் விட்டுப் பார்த்தேன், சரியாத் திரும்புது. அவரு கையை விட்டேன்றாரு, திரும்பலேன்றாரு. நான் செய்யிறதத்தானே அங்கிள் அவரும் செஞ்சிருக்காரு? அவர எப்படி நம்பாம இருக்கிறது?"

நான் ஒன்பதாவது பிரிவை எடுத்துக் காட்டினேன். நின்ற இடத்தில், நின்ற நிலையில். அவர் அதை இரண்டு முறை படித்தார். "இத யாரு எழுதினது?" என்றார். அடக்கமாக ஒப்புக்கொண்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை தோட்டத்தில் மறுசோதனை என்று ஏற்பாடானது. தடைசெய்யப்பட்ட ஓட்டுநர் இயந்திரத்தில் ஏறக் கூடாது என்று மேலாளர் சொன்னார். சாட்சியாக ஏறலாம் என்பதற்கு உட்பிரிவு இருந்தது. உட்பிரிவுகள் இருப்பதே இதற்குத்தான்.

அதற்கு முந்தைய நாள் பொறியாளர் மாணிக்கத்தைத் தொலைபேசியில் அழைத்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அண்ணே, வெள்ளிக்கிழமை எப்படி வேலைக்கு வருவீங்களோ அப்படியே வாங்க. ஒண்ணையும் விட்டுறாதீங்க."

மாணிக்கம் அப்படியே வந்தார். தலைக்குக் குளித்து, நெற்றி நிறைய விபூதி, கையில் ஒரு துணிப்பை. மேலாளர், மண்டோர், நான், பொறியாளர் எல்லாரும் செம்பனை நிழலில் நின்றோம். மண்டோர் மச்சானிடம் இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளை இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தார். மாணிக்கம் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். பையிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்துப் பிரித்தார். உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு பிள்ளையார். அடியில், உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த வளையக் காந்தம், கறுப்பாக, தடியாக. ஜாய்ஸ்டிக்குக்குப் பக்கத்தில் இருந்த இரும்புப் பெட்டிக்கு மேல் அதைக் கொண்டுபோனதுதான் தெரியும், பிள்ளையார் தாமாகவே குதித்து 'டக்'கென்று உட்கார்ந்தார்.

பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் மகள் வாங்கிக் கொடுத்ததாம். முதலில் இருந்த காந்தம் பலமில்லாதது. தோட்டத்துப் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பிள்ளையார் விழுந்தார், ஒரு முறை தும்பிக்கையில் கீறல் விழுந்தது. இனி விழக் கூடாது என்று மாணிக்கமே ஸ்பீக்கர் காந்தத்தை ஒட்டினார். அன்றிலிருந்து எந்தப் பள்ளத்திலும் விழுந்ததில்லை. மற்ற நாட்களில் பெட்டியின் வெளி ஓரத்தில் இருப்பார். வெள்ளிக்கிழமை செம்பருத்திப் பூ வைத்தால் காற்று அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால், ஜாய்ஸ்டிக்கின் பக்கமாக ஒதுங்கி உட்காருவார்.

"இவரு அன்னிக்குப் பட்டறைக்குப் போகலையாண்ணே?" என்று பொறியாளர் கேட்டார்.

மாணிக்கம் திகைத்துப்போனார். "அங்க எப்படி மேடம் அனுப்புறது? செருப்புக் காலோட ஏறுவாங்க, அங்கேயே உட்கார்ந்து கறி சாப்பிடுவாங்க. வண்டி பட்டறைக்குப் போனா சாமி வீட்டுக்கு வந்துருவாருலா."

மண்டோரும் ஆமாம் என்று தலையாட்டினார். விபத்து நடந்த அன்று, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, மண்டோரே மஞ்சள் துணியைப் பிடித்துக்கொள்ள, பிள்ளையாரை எடுத்துப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதை யாரும் 'அகற்றுதல்' என்று நினைக்கவில்லை. வங்காளதேசத்து ஓட்டுநர் ஓட்டிய நாட்களிலெல்லாம் பிள்ளையார் மாணிக்கத்தின் வீட்டு அலமாரியில் இருந்தார். குழுவில் காந்தம் உண்டா என்று கேட்டபோது தலையசைத்த அத்தனை பேரும் இப்படி ஒரு பிள்ளையாரை எங்காவது ஒரு வண்டியில் கும்பிட்டவர்கள்தான். சாமியைக் காந்தக் கணக்கில் சேர்க்க யாருக்குத் தோன்றும்?

பொறியாளர் செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறினார். இஞ்சினைக் கிளப்பினார். ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினார். விட்டார். எல்லாருக்கும் தெரியும்படி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார்.

இரும்புக் கை நிற்கவில்லை. மெதுவாக, கோயில் யானை திரும்புவதைப் போல, இடப்பக்கம் போய்க்கொண்டே இருந்தது. யாரும் சொல்லாமலேயே மண்டோர் ஓடிப்போய் மச்சானின் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

பொறியாளர் பிள்ளையாரைத் தூக்கச் சொன்னார். மாணிக்கம் தூக்கினார். கை நின்றது. வைக்கச் சொன்னார். கை நகர்ந்தது. மூன்றாவது முறை கேட்டபோது மாணிக்கம் மறுத்துவிட்டார்.

"போதும் மேடம். அவர வச்சு விளையாட வேணாம்." பிறகு, "பழைய லிவர் இருந்தப்பவும் இங்கதான் உட்கார்ந்திருந்தாரு. ஒண்ணும் ஆகலையே" என்றார்.

"பழசுக்குக் காந்தம் தெரியாதுண்ணே. புதுசுக்குத் தெரியும். ரெண்டு சில்லு வச்சேன், ஒண்ணு பொய் சொன்னா இன்னொண்ணு காட்டிக்கொடுக்கும்னு. ரெண்டும் சேர்ந்து ஒரே பொய்யச் சொல்லுது."

"அப்ப ரிப்போர்ட்டுல சாமி மேல பழி போட்டு எழுதுவீங்களா?"

"சாமி மேல இல்ல. என் மேல. இதத் தேர்ந்தெடுத்தது நான்."

மேலாளர் தொண்டையைச் செருமினார். காரணம் எதுவானாலும், அனுமதியில்லாத இணைப்பு ஒன்றை இயந்திரத்தில் பொருத்தியது ஓட்டுநர்தானே, அதுவும் விதிமீறல்தானே என்றார். அவர் சொன்னது உண்மை. ஒரு கணம் மாணிக்கத்தின் கை அந்த இருக்கையின் முதுகை இறுகப் பிடித்ததைப் பார்த்தேன்.

இந்த இடத்தில்தான் நான் உதவினேன், பெருமைக்குச் சொல்லவில்லை. 'இணைப்பு' என்பதற்கு எங்கள் விதியில் வரையறை உண்டு: மரையாணி, பற்றவைப்பு, கம்பிக்கட்டு ஆகியவற்றால் பொருத்தப்பட்டது. காந்தம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே சட்டப்படி பிள்ளையார் இணைக்கப்படவில்லை, தம் விருப்பத்தில் உட்கார்ந்திருக்கிறார். மேலும், முறையீடு தலைமையகத்துக்குப் போய்விட்டால், பதில் வரும் வரை ஊழியர் தம் பழைய பணியிலேயே தொடர்வார் என்று இன்னொரு பிரிவு. பதினான்கு நாளில் பதில் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அதைப் படித்துச் சிரிக்காத ஊழியரை நான் கண்டதில்லை.

அன்றே முறையீடு போனது. மாணிக்கம் இருக்கைக்குத் திரும்பினார்.

மிச்சம் இருந்தது பிள்ளையாரின் இடம். பொறியாளர் அதை நகர்த்தச் சொல்லி உத்தரவிடவில்லை. எங்கே இருந்தால் நல்லது என்று மாணிக்கத்தைச் சொல்லச் சொன்னார், அங்கெல்லாம் மீட்டரை வைத்துப் பார்த்தார். கடைசியில் முன்கண்ணாடிக்கு மேலே இருந்த இரும்புச் சட்டம் இருவருக்கும் சம்மதமானது. ஆனால் அங்கே வெயில் அடிக்கும், சந்தனம் காய்ந்துவிடும் என்று மாணிக்கம் முகம் சுளித்தார். வெல்டர் தகரத்தில் ஒரு சின்னக் கூரை செய்து பற்றவைத்தார். பற்றவைப்பு என்பதால் இது இணைப்பு. இதற்கு அனுமதி வேண்டும். 'கருவிக்கான வெயில் மறைப்பு' என்று எழுதி வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு பொறியாளர் எல்லாக் கிராப்பர்களிலும் ஏறிப் பார்த்தார். ஒன்றில் கைத்தொலைபேசியைப் பிடிக்கும் காந்தம், ஒன்றில் குர்ஆன் வசனம் பொறித்த தகடு, ஒன்றில் மகளின் படத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஆப்பிள் வடிவப் பொம்மை. மேலாளர் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விடலாம் என்றார். இவர் வேண்டாம் என்றார். மனிதர் உட்காரும் இடத்தில் இப்படி ஏதாவது வரத்தான் செய்யும், அதைத் தாங்குகிற லிவரைத் தேடுவதுதான் தம் வேலை என்றார். கம்பிச்சுருள் வகைக்கு மாறப் பரிந்துரைத்து அறிக்கை எழுதினார். அதன் முதல் வரி: "தவறு தேர்வில், ஓட்டுநரிடம் அல்ல." 'காரணிகளுள் ஒன்று' என்று மென்மையாகப் போடலாம், மேலிடத்தில் உங்களுக்கும் பாதிப்பு வராது என்று வழக்கமான சொற்களை எடுத்துக் கொடுத்தேன். கேட்கவில்லை. அனுப்பிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

பதினான்கு நாள் போனது. சித்திரை போனது. எனக்குக் கை அரித்தது. முதல் நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல், நகல் யாருக்கு என்பதெல்லாம் மனத்தில் தயாராக இருந்தது.

"அனுப்பாதீங்க அங்கிள்" என்றார். "பதில் வராத வரைக்கும் அண்ணன் சீட்டுல இருக்காரு. விட்டுப் பார்ப்போம்."

என் பணிக்காலத்தில் நான் நினைவூட்டல் அனுப்பாத ஒரே கோப்பு அது. மாணிக்கம் ஆடி முழுதும் ஓட்டினார், ஆவணி முழுதும் ஓட்டினார். வெள்ளிக்கிழமைகளில் விரதம் இருந்தார், ஒரு மயக்கமும் வரவில்லை. மண்டோர் புது மோட்டார் சைக்கிள் வாங்கி அதைக் கிராப்பரின் வலப்பக்கமாகவே நிறுத்தினார்.

ஒரு நாள் காலை தோட்டத்துக் கோயில் முன்னால் கிராப்பர்களும் டிராக்டர்களும் வரிசையாக நின்றன. கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, டயருக்கு அடியில் எலுமிச்சை வைத்திருந்தார்கள். இவரும் கணவரோடு வந்திருந்தார். நாங்கள் சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது மேலாளர் ஒரு தாளோடு வந்தார். வெளியே நின்று யோசித்து, காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து என்னிடம் கொடுத்தார். தலைமையகம் மூன்று விஷயம் எழுதியிருந்தது. ஓட்டுநர் மீது குற்றமில்லை, அவர் தம் பணியில் நிரந்தரமாகத் தொடரலாம். பொறியாளரின் புதிய தேர்வு ஏற்கப்படுகிறது. அறிக்கையில் 'பிள்ளையார்' என்று குறிப்பிடப்பட்டிருக்கும் பாகத்தின் உற்பத்தியாளர் பெயரையும் பாக எண்ணையும் தெரிவிக்கவும்.

முதல் வரியை மட்டும் மாணிக்கத்துக்கு வாசித்துக் காட்டினேன். அவர் போய் வண்டியில் ஏறினார். இஞ்சினைக் கிளப்பி, எலுமிச்சையை நசுக்கிக்கொண்டு ஒரு முழம் முன்னே வந்து நிறுத்தினார். ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினார். பிறகு இவரைப் பார்த்துக்கொண்டே, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார். இரும்புக் கை அப்படியே நின்றது. தகரக் கூரைக்குக் கீழே பிள்ளையாரும் அசையவில்லை.

மூன்றாவது கேள்விக்கு என்ன பதில் எழுதுவது என்று இவரைக் கேட்டேன். விட்டுப் பார்க்கலாம் என்றார். அதற்குப் பிறகு நான் ஓய்வு பெற்றேன், அவர் பினாங்குக்குப் போனார், அந்தக் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. மற்ற இரண்டுக்கும், விதிப்படி மாசியில் வந்திருக்க வேண்டிய பதில் வந்து சேர்ந்த நாள், ஆயுத பூஜை.